ஒடுங்கிய பருத்தி இலை

“இந்த நோய்க்கு என்ன பேர் மேடம்?”

மாசிலாமணி ஒரு பருத்தி இலையை மேசைமேல் வைத்தார். அகன்று விரிய வேண்டிய இலை, விரல்களைப் போல ஒடுங்கிச் சுருண்டிருந்தது.

அவர் நெடுங்காலம் வேளாண் அலுவலராக இருந்தவர். மேற்படிப்புக்காக விடுப்பெடுத்துக் கல்லூரிக்கு வந்திருந்தார். அவருக்குப் பயிர்நோயியல் கற்பித்த பேராசிரியை மரகதவல்லி, அவரைவிட வயதில் இளையவர்.

இலை எந்த வயலினது என்று மரகதவல்லி வினவினார்.

விவசாயி பூங்காவனத்தம்மாளின் வயல் என்றார் மாசிலாமணி. தத்துப்பூச்சிக்கு மருந்தடித்துக் காட்டுவதற்காகச் சென்ற வாரம் கல்லூரிப் பண்ணையிலிருந்து தெளிப்பானைச் சுமந்து சென்றவர் மாசிலாமணியே. இப்போது வயல் முழுவதும் இலைகள் இப்படித்தான் இருக்கின்றன. ஏதோ வைரஸ் என்று ஊர் அஞ்சுகிறது. பிடுங்கி எரிக்கச் சொல்கிறார்கள் பக்கத்து வயல்காரர்கள். அந்த அம்மாள் நாளைக் காலைக்கு ஆள் சொல்லிவிட்டு, இவருடைய ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார்.

“ஸ்பிரேயரை எடுத்துட்டு வாங்க சார்.”

எடுத்து வந்தார்.

மரகதவல்லி தெளிப்பான் தொட்டியின் மூடியைத் திருகிக் கழற்றி, அதை அவர் முகத்தருகே நீட்டினார்.

மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மோந்தே பாக்கலையே சார். அதுக்குள்ள திரும்பிட்டீங்க.”

அவர் தணிந்த குரலில் சொன்னார். மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்துவிட்டு வைத்திருந்த தெளிப்பான் அது. அவசரத்தில் அவர் கழுவவில்லை. இலையைக் கண்ட அன்றே ஐயம் எழுந்தது. ஆயினும், நோயாக இருந்துவிடக் கூடாதா என்று ஏங்கிக்கொண்டிருக்கிறார்.

“கழுவாம தொடாதீங்கன்னு ஊர் ஊராப் போய்ச் சொன்னவன் மேடம் நான்.”

“நோய்னா என்ன செய்யணும்?”

“பிடுங்கணும்.”

“களைக்கொல்லின்னா?”

“பிடுங்க வேண்டாம். கொஞ்சமாப் பட்டிருந்தா புதுத் தளிர் வரும்.” அவர் தலை கவிழ்ந்தார். “ஆனா அதைச் சொன்னா, அந்த ஊர் இனிமே என்னை நம்பாது.”

“இப்ப நம்புதா?”

“நான் பிடுங்கச் சொன்னா, ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம பிடுங்கிடுவாங்க மேடம்.”

சொல்லி முடித்தவர், அச்சொற்களை வேறெவரோ சொல்லக் கேட்டவரைப் போல நின்றார்.

மரகதவல்லி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தெளிப்பானைக் குழாயடிக்கு எடுத்துச் சென்றார். சலவைச் சோடாவைப் போட்டுக் கழுவத் தொடங்கினார்.

மாசிலாமணி கைப்பேசியை எடுத்தார்.

ஆட்களை வர வேண்டாமென்று சொல்லும்படி பூங்காவனத்தம்மாளைக் கேட்டுக்கொண்டார். செடிக்கு நோயில்லை என்றார். களைக்கொல்லி இருந்த தெளிப்பானைக் கழுவாமல் கொண்டு வந்தவர் தாமே என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

குழாய்நீர் ஓடிக்கொண்டிருந்தது.

“பொழைக்குமா சார்?” என்று மறுமுனையில் அந்த அம்மாள் கேட்டார்.

“எல்லாம் பொழைக்கும்னு சொல்ல முடியாதும்மா. நாளைக்கு வந்து பாக்கறேன்.”

“வாங்க. வந்து பாத்துட்டு நீங்களே சொல்லுங்க.” என்றார் பூங்காவனத்தம்மாள். “ஆனா கைய வீசிக்கிட்டு வாங்க சார். அந்த டேங்கு வேணாம்.”