கழுவிய கடலை

ஆற்றங்கரை மருதமரத்துப் பொந்தில் ஒரு கிடங்கு இருந்தது. காட்டு விலங்குகள் தங்கள் தீனியை அங்கே வைத்துவிட்டு, அதற்கு ஈடாக வேறு தீனி வாங்கிக்கொள்ளும். கிடங்கு முள்ளாண்டி என்ற முள்ளம்பன்றிக்குச் சொந்தம். வருவதை வாங்கி அடுக்குவது பூவாலி என்ற அணிலின் வேலை. வரும் தீனியில் இரண்டுக்கும் பங்கு உண்டு.

கோடையில் வழுக்கன் என்ற நீர்நாய் கூடை கூடையாக நிலக்கடலை கொண்டுவந்தது. துளி மண்கூட ஒட்டாமல் பளிச்சென்று இருந்தது கடலை.

"எங்கே விளைந்தது அண்ணே?" என்று கேட்டது பூவாலி.

"அக்கரையில், என் மாமா தோட்டத்தில்!"

ஈடாகக் கருவாடும் தேனும் வாங்கிக்கொண்டு போனது வழுக்கன்.

பூவாலிக்கு மனசு உறுத்தியது. அக்கரை முழுக்கச் சேறாயிற்றே! கோரை முளைக்கும் இடத்தில் கடலை எப்படி விளையும்? மீன் தின்கிற நீர்நாய்க்குத் தேன் எதற்கு?

வழுக்கன் மறுபடி வந்தபோது, "மாமா சௌக்கியமா?" என்று கேட்டுப் பார்த்தது.

"எந்த மாமா? இது அத்தை தோட்டத்துக் கடலை!"

பூவாலி முள்ளாண்டியிடம் ஓடியது.

"யார் தோட்டமானால் நமக்கென்ன? உன் பங்கு ஒழுங்காக வருகிறதல்லவா?" என்று சீறியது முள்ளாண்டி.

வரத்தான் செய்தது. தின்றும் ஆயிற்று. ஆனால் அதன் பிறகு பூவாலி கடலையைத் தொடவில்லை.

அந்தச் சமயத்தில் வெள்ளெலி ஒன்று அழுதுகொண்டே வந்தது. "அக்கா! எங்கள் வளையை யாரோ தோண்டி, கடலையை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். குட்டிகள் பட்டினி கிடக்கின்றன. ஏதாவது கொடுங்கள்!"

"ஈடு இல்லாமல் எதுவும் கிடையாது! போ!" என்று விரட்டியது முள்ளாண்டி.

பூவாலிக்குப் பொறுக்கவில்லை. வழுக்கன் போகும் வழியே மரத்துக்கு மரம் தாவிப் பின்தொடர்ந்தது. நாணல் புதருக்குள் ஒரு பெருச்சாளி, கால் நகமெல்லாம் செம்மண்ணாக, கடலையைக் கொட்டிவிட்டு, வழுக்கன் கொடுத்த தேனை நக்கியது. வழுக்கன் அதை ஆற்றில் அலசி அலசிக் கழுவியது. பிறகு கூடையோடு அக்கரைக்கு நீந்திப் போய், அங்கிருந்து எல்லோரும் பார்க்க, "அக்கரைக் கடலை! அக்கரைக் கடலை!" என்று கூவிக்கொண்டே திரும்பியது.

"அது திருட்டுக் கடலை! என் கண்ணாலேயே பார்த்தேன்!" என்று பொந்துக்கு ஓடிவந்து முள்ளாண்டியிடம் சொன்னது பூவாலி.

"கத்தாதே! இனி உனக்கு இரண்டு பங்கு!" என்றது முள்ளாண்டி.

"அப்படியானால் உனக்கு முன்பே தெரியுமா?"

முள்ளாண்டி கடலைக் கூடையைப் பொந்துக்குள் தள்ளி மறைத்தது.

பூவாலி மரத்தின் உச்சிக்கு ஏறி, பார்த்ததை எல்லாம் காடே கேட்கும்படி கத்திச் சொன்னது. வெள்ளெலிகள் வந்து தங்கள் கடலையைச் சுமந்துகொண்டு போயின. பெருச்சாளி ஓட்டம் பிடித்தது. ஆற்றில் குதித்துத் தப்பிய வழுக்கனை அதன் பிறகு அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. மற்ற விலங்குகளும் நம்பிக்கை இழந்து தங்கள் தீனியை எடுத்துக்கொண்டன. பொந்து காலியானது.

"நீ சும்மா இருந்திருக்கலாமே!" என்று புலம்பியது முள்ளாண்டி.

"இத்தனை நாள் சும்மாதானே இருந்தேன்! அதனால்தான் அந்தக் குட்டிகள் பட்டினி கிடந்தன!"

தான் தின்ற பங்குக்கு ஈடாக, அந்த மழைக்காலம் முழுவதும் பூவாலி பழம் பொறுக்கி வெள்ளெலிகளின் வளை வாசலில் கொண்டுபோய் வைத்தது.

எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் பங்கு வாங்குகிறவரும் திருட்டில் பங்காளியே.