சிவப்பு இறக்கையில் ஈயம்

"என் ரெக்கையில ஒரு குத்தம் சொல்லுங்க மாஸ்டர். ஒண்ணே ஒண்ணு. இந்த வேலையையே விட்டுருதேன்."

இசக்கியப்பன் கையிலிருந்த சிறு விமானத்தை மேசைமேல் வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றி நின்றார்.

ஜெபமணி குனிந்து பார்த்தார். விமானத்தின் மூக்கு நசுங்கியிருந்தது. இடது இறக்கை சிவப்பு. வலது இறக்கை மஞ்சள். மஞ்சள் இறக்கையின் நுனியில் கண்மாய் மண் அப்பியிருந்தது.

"செவப்புல குத்தம் இல்ல," என்றார்.

"இல்லைல்லா? பெறவு ஏன் விழுந்துது?"

"நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி."

"நான் சொல்லணுமாக்கும்! அந்தா நிக்கான் பாருங்க காரணம்."

வாசலில் அவர் தம்பி நயினார் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஜெபமணி ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். அங்கே பிள்ளைகள் வைத்த பெயர்தான் மாஸ்டர். இப்போது வறண்ட கண்மாய்க்கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ரிமோட்டில் பறக்கும் சிறு விமானங்கள் செய்யக் கற்றுக்கொடுத்தார். வருகிறவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். இசக்கியப்பனுக்குப் பதினைந்து வயது கூடுதல்.

இசக்கியப்பன் நில அளவையர். நயினார் பாதி வாழ்க்கையை மும்பையில் கழித்தவர். இந்த விமானத்தை இருவரும் சேர்ந்து செய்தார்கள். சேர்ந்து என்றால், ஒரே மேசையில், பேசாமல்.

ஆளுக்கு ஓர் இறக்கை. நிறம் வேறுவேறாக இருக்க வேண்டும் என்று சொன்னவர் இசக்கியப்பன்.

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு செஞ்சதுன்னு தெரியணும்லா."

தெரிந்துவிட்டது.

"எழும்பினதும் மஞ்சப் பக்கம் சாஞ்சுது," என்றார் இப்போது. "ரிமோட்ல சரிக்கட்டினேன். நேராப் போச்சு. ரெண்டு சுத்து சுத்தினேன், ஒரு சாய்வு இல்ல. எறங்க வாறப்ப மறுபடி மஞ்ச ரெக்கை தொங்கிட்டு. குத்திட்டு."

"வேகமாப் போறப்ப சாய்வு மறைஞ்சிரும். எறங்கதுக்கு மெதுவா வரணும்லா," என்றார் ஜெபமணி.

விமானத்தை எடுத்தார். மூக்கு நுனியில் ஒரு விரல், வால் நுனியில் ஒரு விரல். தூக்கிப் பிடித்தார்.

மஞ்சள் இறக்கை மெல்லக் கீழே போயிற்று.

"பசை," என்றார்.

"கொஞ்சம் கூடிட்டு," என்றார் நயினார்.

"கொஞ்சமா? பாயசம் ஊத்தின மாதிரில்லா ஊத்தி வச்சிருக்க!"

"பிரிஞ்சிரக் கூடாதுன்னுதான்ணே."

"அளந்து ஒரு காரியம் செஞ்சிருக்கியாலே உன் ஆயுசுல? அப்பா படுத்த படுக்கையா கெடந்தப்ப யாரு பாத்தா? குளிப்பாட்டினது யாரு, ஊட்டிவிட்டது யாரு? கொள்ளி வச்சது யாரு?"

நயினார் தரையைப் பார்த்தார்.

அப்பா இறந்த சேதி கேட்டு மும்பையிலிருந்து கிளம்பியவர், ரயிலில் தூங்கிவிட்டார். இறங்கவேண்டிய ஊரைத் தாண்டிப் போய்த்தான் விழித்தார். திரும்பி வந்து சேர்ந்தபோது இசக்கியப்பன் சுடுகாட்டிலிருந்து வந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு அண்ணன் தம்பியிடம் தேவைக்குமேல் பேசியதில்லை.

இப்போது நயினார் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். வந்த அன்றே கேட்டார்: "மாடியில நான் இருந்துக்கிடட்டுமாண்ணே?"

இசக்கியப்பன் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு ரயிலுக்கு நயினார் டிக்கெட் எடுத்துவிட்டார். அதற்குள் ஒரு வார்த்தை வந்தால் இருப்பார். வராவிட்டால் போய்விடுவார். இதை அவர் ஜெபமணியிடம் சொல்லியிருந்தார். இசக்கியப்பனுக்கும் தெரியும்.

ஜெபமணி ஒரு பழைய டப்பாவைத் துழாவினார். மீன்வலையில் கட்டுகிற ஈயத் துண்டு ஒன்று கிடைத்தது. அதை இசக்கியப்பன்முன் வைத்தார்.

"இதை உங்க ரெக்கை நுனியில ஒட்டுங்க."

"யாரு ரெக்கையில?"

"செவப்புல."

இசக்கியப்பன் ஈயத்தைப் பார்த்தார். பிறகு ஜெபமணியைப் பார்த்தார்.

"குத்தம் இல்லன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"ஆமா."

"குத்தம் இல்லாத ரெக்கையில ஈயமா?"

"ஆமா."

"தப்பு செஞ்சவன் ஒருத்தன், சுமக்கவன் இன்னொருத்தனா? எந்தக் கோர்ட்டுல மாஸ்டர் இப்படித் தீர்ப்பு எழுதுதாங்க?"

"இது கோர்ட்டு இல்ல அண்ணாச்சி. ஷெட்டு."

இசக்கியப்பன் விமானத்தைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். ஈயம் மேசையிலேயே கிடந்தது.

மறுநாள் அவர் முகம் தெளிந்து வந்தார். நயினார் ஏற்கெனவே வந்து கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"பிடிச்சுப் பாருங்க," என்றார் இசக்கியப்பன்.

ஜெபமணி மூக்கிலும் வாலிலும் விரல் கொடுத்துத் தூக்கினார்.

விமானம் அசையவில்லை. இரண்டு இறக்கைகளும் ஒரே மட்டத்தில் நின்றன.

"ஒரு நூல் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் உண்டா? ஈயமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். செய்யவேண்டியதைச் செய்யவேண்டிய எடத்துல செஞ்சா போதும்."

"என்ன செஞ்சீங்க?"

"மஞ்சத் தாளை உரிச்சேன். உப்புத்தாள் போட்டுப் பசையைத் தேச்சு எடுத்தேன். புதுத் தாள் ஒட்டினேன். அவன் இருபது வருசம் எடுத்தாலும் செய்யமாட்டான்."

ஜெபமணி விமானத்தை மேசையில் வைத்தார். மஞ்சள் இறக்கையின் நுனியை இரண்டு விரலால் பிடித்தார். மேல்நோக்கி லேசாக வளைத்தார்.

டப்பென்று ஒடிந்தது.

"மாஸ்டர்!"

இசக்கியப்பனின் குரல் தகரத்தில் மோதித் திரும்பியது.

"கண்ணு முன்னால ஒடிக்கீங்களே! உங்களை நம்பித்தானே வந்தோம்? இதுக்குப் பேரு என்ன, சொல்லிக்குடுக்கதா?"

"ரெண்டு விரல்தான் வச்சேன். மேல காத்து இதைவிட அழுத்தும்."

"அப்ப என் ரெக்கையையும் வளைச்சுப் பாருங்களேன்! அதையும் ஒடிச்சிருங்க, ஒரு வழியாப் போவட்டும்!"

ஜெபமணி சிவப்பு இறக்கையின் நுனியைப் பிடித்து அதேபோல் வளைத்தார். வளைந்தது. விட்டதும் நிமிர்ந்தது.

"பாத்தீங்களா!" என்றார் இசக்கியப்பன். அந்தக் கோபத்திலும் ஒரு கணம் அவர் முகம் மலர்ந்தது. "அதைத்தான நானும் சொல்லுதேன்!"



நயினார் துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்தார். ஒடிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். மூட்டுகளில் பசை இருந்த இடமெல்லாம் மரம் மெலிந்து வெளுத்திருந்தது.

"மரத்தையும் சேத்துத் தேச்சிட்டியேண்ணே."

"ஆமா, தேச்சேன். நீ ஊத்தினதை நான் தேச்சேன். என் பொழப்பே அதானே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

"கேக்கதுக்கு நீ என்னைக்குலே இருந்த?"

நயினார் மேசையின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தார். ஒடிந்த இடத்தில் ஒரு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். மெலிந்த மூட்டுகளுக்கெல்லாம் திரும்பப் பசை வைத்தார். அவசரப்படவில்லை. அவருக்கு நடுங்காத கை. அதை இசக்கியப்பன் இதுவரை கவனித்ததில்லை. இப்போதும் கவனிக்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பசை காய்ந்தது. தாள் ஒட்டியாயிற்று. ஜெபமணி விமானத்தை விரல்களில் தூக்கினார்.

மஞ்சள் இறக்கை முன்னைவிட வேகமாகக் கீழே போயிற்று.

அவர் டப்பாவைத் துழாவி இன்னொரு ஈயத் துண்டை எடுத்தார். முதல் துண்டின் பக்கத்தில் வைத்தார்.

"நேத்து ஒண்ணுன்னீங்க!" என்றார் இசக்கியப்பன்.

"அப்ப நீங்க இன்னும் தேய்க்கலையே அண்ணாச்சி."

இசக்கியப்பன் வெளியே நடந்தார்.

கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவர் மதகுமேல் உட்கார்ந்தார். மனத்துக்குள் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒருமுறை அளந்து பார்த்தார். அப்பாவுக்கு மருந்து தவறியதில்லை. காரியம் ஒன்றுகூடக் குறைந்ததில்லை. இறக்கையில் ஒரு மூட்டு பிசகவில்லை. எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் கணக்கு சரியாகவே வந்தது.

சரியாக வந்தபின்னும் நெஞ்சு ஏன் இப்படி எரிகிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

ஜெபமணி வந்து மதகின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"ஒரு நியாயம் சொல்லுங்க மாஸ்டர்," என்றார் இசக்கியப்பன். "எனக்கு எதுக்கு எடை?"

"மஞ்ச ரெக்கையில ஒட்டினா என்ன ஆவும்?"

"இன்னும் சாயும்."

"அதுல இருக்கதை எடுத்தா?"

இசக்கியப்பன் வெடித்த மண்ணைப் பார்த்தார். "ஒடியும்."

"அப்ப வேற எங்க ஒட்ட?"

இசக்கியப்பனுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"அப்ப ஒழுங்கா செஞ்சவனுக்கு இதுதான் கூலியாக்கும்?"

"உங்க ரெக்கைதான அண்ணாச்சி லேசா இருக்கு," என்றார் ஜெபமணி.

எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. கொட்டகை வாசலில் நயினாரின் பெட்டி நின்றது. கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

இசக்கியப்பன் பெட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். சிவப்பு இறக்கையைத் தன் பக்கம் திருப்பினார். ஸ்கேலை வைத்து நுனியில் புள்ளி குறித்தார். இரண்டு ஈயத் துண்டுகளையும் ஒட்டினார்.

"கேக்கதுக்கு ஆள் இல்லன்னா என்ன வேணும்னாலும் செய்யலாம்," என்றார், யாரையும் பார்க்காமல். "ஒட்டுததையாவது ஒழுங்கா ஒட்டித் தொலைப்போம்."

மூக்கில் ஒரு விரல். வாலில் ஒரு விரல். தூக்கினார்.

அசையவில்லை.

ஜெபமணி ரிமோட்டை அவர் கையில் கொடுத்தார். நயினார் விமானத்தைக் கண்மாய்க்குள் மட்டப்படுத்தியிருந்த தடத்தில் வைத்து, வாலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"விடுலே," என்றார் இசக்கியப்பன்.

நயினார் விட்டார்.

விமானம் ஓடியது. எழும்பியது. கருவேல மரங்களைத் தாண்டி மேலே போயிற்று. சாயவில்லை. அவர் சுற்றவிட்டார். மேலும் ஒரு சுற்று. பேட்டரி தளர்ந்தது.

"எறக்குங்க," என்றார் ஜெபமணி.

வேகத்தைக் குறைத்தார். மேற்கிலிருந்து, சூரியனுக்குள்ளிருந்து வருவதுபோல் விமானம் அவரை நோக்கி வந்தது. மெதுவாக. இன்னும் மெதுவாக.

இசக்கியப்பன் தன் இறக்கையைத் தேடினார்.

வெளிச்சத்துக்கு எதிரில் இரண்டும் கறுப்பாக இருந்தன.

கண்ணை இடுக்கிப் பார்த்தார். சிவப்பு தெரியவில்லை. மஞ்சள் தெரியவில்லை. அவர் விரல் மட்டும் ரிமோட்டின் குச்சியில் தானாக அசைந்துகொண்டிருந்தது. இரண்டு சக்கரங்களும் ஒன்றாகத் தரையைத் தொட்டன.

நயினார் ஓடிப்போய்த் தூக்கி வந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள் அப்படி ஓடி இசக்கியப்பன் பார்த்ததில்லை.

"சாயவே இல்லண்ணே!"

"எனக்குக் கண்ணு இருக்கு."

நயினார் சிரிப்பை அடக்கினார். விமானத்தை மேசைமேல் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். குனிந்து பெட்டியைத் தூக்கினார்.

"எங்கலே போற?"

"ட்ரெயினுக்கு நேரமாச்சுண்ணே."

"பேட்டரி தீந்து கெடக்கு பாரு. மாத்து."

"அண்ணே, ட்ரெயினு..."

"ட்ரெயின்ல ஏறினா நீ தூங்கிருவ," என்றார் இசக்கியப்பன். "பேட்டரியை மாத்துலே."