இஞ்ஞாசி டாக்டர் பிடித்த நாடி

"எனக்கு ஒரு மாத்திரை கொடுங்க சார். இந்தப் படபடப்பு நின்னாப் போதும்."

கேட்டவள் மரிய புஷ்பம். கேட்டது இஞ்ஞாசி டாக்டரிடம். கவலை மனுஷ உடம்பை என்ன பாடு படுத்தும் என்று, மற்ற டாக்டர்கள் கேலி பேசிய நாளிலேயே ஆராயத் தொடங்கியவர் அவர். புஷ்பம் அவருடைய ஆராய்ச்சி மாணவி.

அவள் இடுப்பில் பிள்ளை ஜெனோபா. குறைமாசத்தில் பிறந்தது. வயது ஒன்று தாண்டியும் அதைத் தரையில் விட அவளுக்கு மனசு வரவில்லை.

"ஜெனோபா தும்மினாலே எனக்கு உயிர் போகுது சார். இப்படியே பயந்துகிட்டு இருந்தா வயித்துல புண் வரும், தூக்கம் போகும். நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"என் புத்தகத்தை நீயாவது படிச்சியே!"

டாக்டர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார். அவளிடம் தரவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடேயப்பா! ரயிலைத் தவறவிட்டவன் மாதிரியில்ல ஓடுது. சரி, பிள்ளையை இறக்கி விடு."

"சார்! வெறும் சிமெண்டுத் தரை."

"பின்னே, மெத்தையிலயா நடக்கப் போறா?"

ஒற்றைக் கையால் மெல்ல இறக்கினாள். குழந்தை முக்காலியைப் பற்றிக்கொண்டு நின்றது. ஆடியது.

புஷ்பம் பாய்ந்தாள். மணிக்கட்டு டாக்டரின் பிடியில் இருந்தது.

"கையை விடுங்க சார், விழுந்திருவா!"

அவர் விடவில்லை.

பிள்ளை விட்டது, முக்காலியை.

ஒரு எட்டு வைத்தது. நின்றது. இது யார் கால் என்பதுபோலத் தன் காலையே குனிந்து பார்த்தது. இன்னொரு எட்டு. அப்புறம் குடுகுடுவென்று ஓடிவந்து அம்மாவின் சேலையில் முகத்தை மோதிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தது.

"நடந்துட்டா! சார், பாத்தீங்களா? என் தங்கம் நடந்துட்டா சார்!"

புஷ்பம் போட்ட கூச்சலில், கூண்டில் தூங்கிக்கொண்டிருந்த ஆராய்ச்சி எலிகள்கூட எழுந்து உட்கார்ந்தன.

டாக்டர் மட்டும் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விரல் இன்னும் அவள் நாடியில்தான் இருந்தது.

"அப்ப பயத்துல ஓடின அதே ஓட்டந்தாம்மா, இப்ப சந்தோஷத்துலயும். துளிகூடக் குறையல."

சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டினார்.

"இந்தா. நிறுத்திரலாமா?"