கடைசிப் பதினாறு பக்கங்கள்

விருதுநகரில் சங்கரலிங்கம் என்று ஒருவர். பஸ் டெப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு துப்பறியும் நாவலை முழுசாகப் போடும் இதழ் ஒன்றுக்குச் சந்தா கட்டி விடாமல் படித்துவந்தார். கடைகளில் அது கிடைக்காது. சந்தாதாரருக்குத் தபாலில் மட்டும்தான் வரும். ஒரே மூச்சில் படிப்பது அவருக்குப் பிடிக்காது. தினம் ஓர் அத்தியாயம். மிச்ச நேரமெல்லாம் கொலைகாரன் யாராக இருக்கும் என்ற யோசனை. கண் அழுத்த நோயில் பார்வை போன பிறகும் சந்தாவை நிறுத்தவில்லை. மருமகள் ஜெயபாரதி வாசிக்க, அவர் கேட்டார்.

ஜெயபாரதியின் பழக்கமோ வேறு. கடைசிப் பக்கத்தைப் பார்த்தால்தான் அவளுக்கு முதல் பக்கமே ஓடும். மாமனார் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்.

"தாயி, அந்த வக்கீல் பேசுற இடம் வந்தாலே உன் குரல் இறங்குது. அவன்தானே கொலைகாரன்?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கே அவர் சட்டம் போட்டார்.

"இனிமே கடைசிப் பக்கங்களை நீ முன்னாடியே பாக்கக் கூடாது. பார்த்தவங்க யாரும் அதைப் பத்தி மூச்சு விடக் கூடாது."

இரண்டாவது சட்டம் ஜெயபாரதியின் கணவன், அவர் மகன் ரத்தினவேலுக்காக. அவன் கதை படிக்கிறவன் இல்லை. இதழ் வந்ததும் பின்னால் இருக்கும் குறுக்கெழுத்துப் புதிரைப் போட்டுவிட்டு மூடி வைத்துவிடுவான். இருவரும் சரி என்றார்கள். ஜெயபாரதிக்குத்தான் கஷ்டம். தனியாக இருக்கும்போது விரல் தானாகப் பின்பக்கம் போகும், இழுத்துக்கொள்வாள். போகப்போக அவளுக்கும் அந்தக் காத்திருப்பு ருசித்தது.

இப்படியிருக்க, சங்கரலிங்கத்துக்கு இதயத்தில் கோளாறு. மதுரையில் அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. இந்த வயதில் ஆபத்து உண்டுதான் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"இந்த மாசக் கதையை மட்டும் அதுக்குள்ள முடிச்சிரு தாயி. பாதியில விட்டுட்டுப் போக மனசில்லை."

"கண்டிப்பா முடிச்சிருவோம் மாமா."

சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை, ஆஸ்பத்திரி அறையில் அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். துப்பறிபவர் எல்லாரையும் ஒரே கூடத்தில் கூட்டிவிட்டார். பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கம், நேற்று வாசித்த பக்கம். அச்சகத்தில் ஒரு பகுதியை இரண்டு தடவை வைத்துத் தைத்திருந்தார்கள். கடைசிப் பகுதி இல்லவே இல்லை.

"ஏன் தாயி நிறுத்திட்ட?"

எதிரே நின்ற ரத்தினவேல், நீயாக எதையாவது சொல்லி முடித்துவிடு என்று கையால் ஜாடை காட்டினான். அவளால் முடியும், எத்தனை கதை படித்தவள்! ஆனால் தன் குரலை நோக்கிச் சாய்ந்திருந்த அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

"மாமா, கடைசிப் பதினாறு பக்கம் இதுல இல்லை."

சொன்ன பிறகுதான், இதழைப் பார்க்காமலே அவன் ஜாடை காட்டியது அவளுக்கு உறைத்தது. கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"புத்தகம் வந்த அன்னைக்கே பார்த்தேன். குறுக்கெழுத்தே இல்லை. அப்பாதான் மூச்சு விடக் கூடாதுன்னுட்டாரே."

"அன்னைக்கே சொல்லியிருந்தா வேற பிரதி வாங்கியிருப்பேனே!"

சங்கரலிங்கம், "அவனை விடு தாயி. சட்டம் போட்டவன் நான்" என்றார்.

"இல்லை மாமா, நான் ஒரு தடவை புரட்டிப் பார்த்திருக்கணும்."

"அப்பா சொன்னதைத்தானே நான் செஞ்சேன்?" என்றான் ரத்தினவேல்.

காலையில் முடிவு தெரியாமலேயே அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். ஜெயபாரதி வாசலில் உட்கார்ந்து, அந்த இதழை மடியில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். நல்லவேளையாக எல்லாம் நல்லபடி முடிந்தது. வீடு திரும்பியபோது, ஜெயபாரதி இதழுக்குச் சொல்லிக் கேட்டிருந்த மாற்றுப் பிரதி வந்திருந்தது. வாசித்தாள். அவர் சந்தேகப்பட்ட சமையல்காரன் பாவம், ஒன்றுமே செய்யவில்லை.

அவர் போட்ட சட்டத்தை இருவருமே மீறவில்லை. ஆனாலும் ஒரு மனிதர், தான் கேட்ட ஒரே ஒரு விஷயம் கிடைக்காமல் கத்திக்குப் போனார். சொல்லுங்கள், தவறு யாருடையது?

விடை: ரத்தினவேலுடையது. மூச்சு விடக் கூடாது என்று அப்பா சொன்னது, கதை கேட்கும் சுகம் கெடக் கூடாது என்பதற்காக. பக்கம் இல்லை என்று சொல்லியிருந்தால் அந்தச் சுகம் பிழைத்திருக்கும். அவன், அப்பாவின் சொல்லைப் பிடித்துக்கொண்டு சொன்னவரை விட்டுவிட்டான். ஜெயபாரதிக்குத் தெரியாது, தெரிந்த நொடியே சொல்லிவிட்டாள். பெரியவர் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டது பிள்ளைப் பாசம். ரத்தினவேலுக்கும் இது பின்னால் புரிந்துவிட்டது போல. இப்போதெல்லாம் இதழ் வந்ததும் பக்க எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்குப்பா" என்று மட்டும் சொல்கிறான்.