பிரகாசி கூப்பிட்டதும் பேசின மலை

ஒரு ஊர்ல ஒரு பொம்பளை இருந்தா கண்ணு, பிரகாசின்னு பேரு. கடலோர ஊரு அது. எந்நேரமும் அலை ஹோன்னு இரையும். அதனால அங்க எல்லாரும் கத்தித்தான் பேசுவாங்க. "சோறு போடு"ங்கிறதே சண்டை மாதிரி இருக்கும். அதுலயும் பிரகாசி குரல் இருக்கே, கரையில நின்னு கூப்பிட்டான்னா நடுக்கடல்ல போற தோணி திரும்பும்! ம் சொல்லு.

"ம்."

அப்புறம் ஒரு நாள், கருவாட்டுக் கூடையைத் தலையில வெச்சுக்கிட்டு மலைக்குக் கிளம்பினா. அதுவரைக்கும் அவ மலையே பார்த்ததில்லை. நடந்தா, நடந்தா, நடந்தா... மூணாம் நாள், மேகத்துக்குள்ள ஒரு ஊர். "கருவாடேய்!"னு வாயைத் திறந்தா பாரு, விறுவிறுன்னு பத்துப் பேர் ஓடி வந்து வாயைப் பொத்திட்டாங்க.

அந்த ஊர்த் தலைவரை மூப்பன்னு சொல்லுவாங்க. அவரு அவ காதுக்கிட்ட வந்து குசுகுசுன்னாரு. "கத்தாதம்மா. மேல பாரு."

பார்த்தா, யப்பா! ஊரு மேலேயே கவுந்து நிக்குது ஒரு பாறை. யானைக் கூட்டம் கணக்கா.

"மலை தூங்குது. முழிச்சா பாறை உருண்டுரும். எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலேர்ந்து நாங்க சத்தமா பேசினதே இல்லை."

ஆமா கண்ணு, அங்க அழுதாக்கூட சத்தமில்லாமத்தான் அழுவாங்க. கல்யாணத்துக்கும் மேளம் கிடையாது. பிரகாசிக்கு மூச்சு முட்டிருச்சு. விடிஞ்சதும் போயிடணும்னு நெனச்சா.

விடிஞ்சா, மூடுபனி. புசுபுசுன்னு இறங்குது, நீட்டின கை தெரியலை. அந்தப் பனியில பொன்னரசின்னு உன் வயசுப் பொண்ணு, ஆட்டுக்குட்டி பின்னாடியே போய்க் காணாமப் போயிட்டா. சுத்தி எல்லாம் கிடுகிடு பள்ளம். ஊரே தேடுது. குசுகுசுன்னு கூப்பிட்டா யாருக்குக் கேக்கும்?

"நான் கூப்பிடுறேன்"னா பிரகாசி.

"பாறை விழுந்தா ஊரே போயிரும்"னாரு மூப்பன்.

அப்போ பொன்னரசியோட அம்மா வந்து பிரகாசி கையைப் பிடிச்சா. "கூப்பிடுக்கா. விழுந்தா என் தலையில விழட்டும்."

மூப்பன் கொஞ்ச நேரம் பாறையையே பார்த்தாரு. எல்லாரையும் அதுக்கு அடியிலேர்ந்து நகரச் சொன்னாரு. அவரு மட்டும் நகரலை. "கூப்பிடும்மா"ன்னாரு.

மொத தடவை, "பொன்னரசீஈஈ!"

பாறை அசையலை. ஆனா எதிர்ப்பக்கத்துலேர்ந்து, "...னரசீ... ரசீ... சீ..."ன்னு வந்துச்சு பாரு! ஊரே தரையில விழுந்து கும்பிட்டுச்சு. "மலை பேசுது! மலையும் நம்ம புள்ளையைத் தேடுது!"

ரெண்டாந்தடவை அம்மாக்காரியும் சேர்ந்து கூப்பிட்டா. பொறந்ததுலேர்ந்து அன்னைக்குத்தான் அவ குரலை அவளே கேட்டா.

மூணாந்தடவை ஊரே கூப்பிட்டுச்சு. சுத்தி நின்ன எட்டு மலையும் திரும்பக் கூப்பிட்டுச்சு. அப்புறம், கப்சிப்.

"கேக்குது"ன்னாரு மூப்பன். "அழுவுறா. கிழக்கே, ஊத்துப் பக்கம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே!"ன்னா பிரகாசி.

"மூச்சை அடக்கிக் கேளுக்கா"ன்னா அம்மாக்காரி.

அடக்கினா. சொட்டு... சொட்டுன்னு இலையிலேர்ந்து பனி விழுறது கேட்டுச்சு. பாறைக்குள்ள களகளன்னு தண்ணி ஓடறது கேட்டுச்சு. அதுக்கும் அந்தாண்ட, ஊசி மாதிரி, "ம்மா..."

பிரகாசிக்கும் கேட்டுருச்சு! ஓடிப் போய் தூக்கிட்டு வந்தாங்க.

"ஆட்டுக்குட்டி?"

அதையும்தான்.

அதுக்கப்புறம் அந்த ஊர்க் கல்யாணத்துக்கு டும்டும்னு மேளம் வந்துச்சு. புள்ளைங்க காலையில எந்திரிச்சு அவங்கவங்க பேரைச் சொல்லி மலையைக் கூப்பிடும். மலையும் ஒரு பேரை விடாம திருப்பிச் சொல்லும். பாறை அது பாட்டுக்கு இருந்துச்சு.

பிரகாசி ஊருக்கு வந்தா. ஊர்க்காரங்களோட தோணியில ஏறி, துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மலையில செஞ்ச மாதிரியே மூச்சை அடக்கி, மேல் நுனியில காதை வெச்சா. "கொஞ்சம் சும்மா இருங்களேன்"னா, மெதுவா. பிரகாசியா மெதுவா பேசறதுன்னு எல்லாரும் அதுலயே அடங்கிட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து காதை வெச்சாங்க. அடியில, கொர்... கொர்... கொர்னு, கடல் முழுக்க மீனுங்க பேசிக்கிட்டு இருக்கு கண்ணு! இத்தனை தலைமுறையா அதுக்கு மேலேயே கத்திக்கிட்டு இருந்திருக்காங்க.

அன்னைக்கு யாரும் வலை வீசலை. பொழுது சாயிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

கதை கரை ஏறியாச்சு. நீ கண்ணை மூடு.