மூன்று வயிறு, ஒரு மருந்து

கடம்பங்குடி மன்னர் திருமேனிவேலருக்கு எது வந்தாலும் முதலில் தனக்கு வேண்டும். பருவத்தின் முதல் மாம்பழம் அவருக்கு. புதுப் பட்டு வந்தால் முதல் மடி அவருக்கு. அப்படிப்பட்டவரிடம் போய், கடல் தாண்டி வந்த அறுவை வைத்தியர் ஒரு மாயக் கண்ணாடியை நீட்டினார். வயிற்றின் மேல் வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியுமாம். கேட்க வேண்டுமா? அரண்மனையே வரிசை கட்டி நின்றது.

மூன்று பேரின் பித்தப்பையில் கல் தெரிந்தது. மன்னர், மந்திரி அனந்தகோபாலர், தளபதி இருளப்பர்.

"பித்தப்பையைக் கல்லோடு எடுத்துவிடலாம். ஆனால் என்னிடம் மயக்க மருந்து ஒருவருக்குத்தான் இருக்கிறது," என்றார் வைத்தியர்.

"அப்படியானால் எனக்கு," என்றார் மன்னர்.

"எனக்குத்தான் வயிறு எப்போதும் பொருமுகிறது மகாராஜா," என்று மந்திரி ஓர் ஏப்பம் விட்டுக் காட்டினார்.

"எனக்கு ஒன்றும் செய்யவில்லை," என்றார் தளபதி.

மூலையில் நின்ற பிச்சாண்டிக்குப் பொறுக்கவில்லை. சபையில் வாயாலேயே பிழைக்கிறவன் அவன். போன வாரம் தளபதி ஒரு தூணைக் கட்டிக்கொண்டு வியர்த்து வழிந்ததைக் கண்ணால் பார்த்தவன். "வெளியே தெரிந்தால் என் வாளைப் பிடுங்கிவிடுவார்கள், மூச்சு விடாதே" என்று தளபதி அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சொன்னால் சத்தியம் போகும். சொல்லாவிட்டால் ஆளே போய்விடலாம். அவன் நிலைமையைப் பாருங்கள்.

"மகாராஜா, யாருக்கு அறுவை என்று நான் சொல்லட்டுமா?"

"சொல். காரணம் எனக்குப் பிடிக்காவிட்டால் கட்டிலில் நான்தான் படுப்பேன்."

"நாளை மூவருக்கும் விருந்து வையுங்கள். உங்கள் கையாலேயே நெய் விடுங்கள். அது போதும்."

மன்னர் கையால் விடுவதை வேண்டாம் என்று சொல்ல அந்த நாட்டில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

மறுநாள் பந்தி. மன்னர் முதலில் தன் இலையில்தான் மூன்று கரண்டி நெய் விட்டுக்கொண்டார். சர்க்கரைப் பொங்கலை ஒரு கை பார்த்துவிட்டு எழுந்து பரிமாற வந்தார். மந்திரி நெய்யோடு சாப்பிட்டார், ஏப்பம் விட்டார். மோர் குடித்தார், ஏப்பம். வெறும் தண்ணீர் குடித்தார், அதற்கும் ஏப்பம்.

அடுத்தது தளபதி. நெய்க் கரண்டி கிட்டே வந்ததும் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டார்.

"கையை எடுமய்யா," என்றார் மன்னர்.

"வேண்டாம் மகாராஜா."

"மதயானை முன்னால் நின்ற ஆள் நீர். ஒரு கரண்டி நெய்க்குப் பயமா?"

"யானை என்றால் ஓடலாம். இது என் உள்ளேயே இருக்கிறதே." தளபதிக்குக் கண் கலங்கிவிட்டது. "நெய் பட்டால் போதும், வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும். தோள்பட்டை வரை ஏறும். ஐந்து நாழிகை உயிரை வாங்கிவிட்டுத்தான் விடும். சொன்னால் வாளைப் பிடுங்கிவிடுவீர்களோ என்றுதான் மறைத்தேன்."

பந்தியில் இருந்த வைத்தியர் எழுந்தே விட்டார். "இதுதான் கல் வலி. எடுத்தால் தீரும். மந்திரியாருக்கு எதைத் தொட்டாலும் பொருமல். பித்தப்பையை எடுத்தாலும் அந்த ஏப்பம் அவரோடேதான் இருக்கும்."

மந்திரி முகம் சுருங்கியது. மன்னர் விடுவாரா?

"எனக்கும் அதே கல்தானே இருக்கிறது? எனக்கு ஏன் கூடாது?"

பிச்சாண்டி மன்னரின் இலையைப் பார்த்தான். சொட்டு நெய் மிச்சமில்லாமல் வழித்திருந்தது.

"மகாராஜா, உங்கள் கல் உங்களோடு பந்தியில் உட்கார்ந்து மூன்று கரண்டி நெய் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கிறது. தளபதியின் கல் அவரைச் சாப்பிடவே விடவில்லை. எதை வெளியே தள்ளுவது, நீங்களே சொல்லுங்கள்."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். "தளபதியைக் கட்டிலுக்குக் கூட்டிப் போங்கள். வாள் அவருடையதுதான், எழுந்து வந்து எடுத்துக்கொள்ளட்டும்." பயப்படாதீர்கள், பத்தே நாளில் தளபதி எழுந்து வந்து எடுத்துக்கொண்டார்.

"உனக்கு என்னடா வேண்டும்?" என்று மன்னர் பிச்சாண்டியைக் கேட்டார்.

பிச்சாண்டி அதற்குள் தளபதி தொடாத இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"எனக்குக் கல் இல்லை என்று கண்ணாடியே சொல்லிவிட்டது மகாராஜா. அந்த நெய்யை இப்படி விடுங்கள்."