எறும்புச் சாட்சி

உப்பு இன்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கரித்த காலத்தில், கடலோர ஊர் ஒன்றில் பூமயில் என்றொருத்தி இருந்தாளாம். உப்பளத்தில் உப்பு வாருகிறவள். அப்போதெல்லாம் மழைச் சேதியை யார் வந்து சொன்னார்கள்? தாழப் பறக்கிற தட்டான் சொல்லும்; முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறுகிற எறும்பு சொல்லும்.

ஒருநாள் காலை எறும்பைப் பார்த்தவள், ஆட்களைக் கூட்டி உப்புக் குவியல்களையெல்லாம் கீற்றுப் போட்டு மூடிவிட்டாள். முதலாளி வைரவநாதர் கொட்டகைக்குக் கூப்பிட்டனுப்பினார். அங்கே பெஞ்சில் அவருடைய ஜோசியர், பக்கத்தில் பஞ்சாங்கம்.

"பத்து நாளைக்கு மழையில்லைன்னு ஜோசியரே சொல்லிட்டார். யாரைக் கேட்டு வேலையை நிறுத்தினே?"

"எறும்பு சொல்லுச்சுங்க முதலாளி."

ஜோசியர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்போ எறும்பையே சாட்சிக்குக் கூப்பிடு!"

"ஆமா, வந்து சொல்லட்டும்," என்றார் முதலாளி. "இல்லேன்னா இனி என் அளத்துல கால் வைக்காதே."

அந்த அளத்தை விட்டால் அவளுக்குக் கஞ்சிக்கு வழியில்லை. பெஞ்சின் காலையே பார்த்தபடி நின்றாள்.

"சாட்சி வந்தாச்சுங்க," என்றாள் மெதுவாக. "பிள்ளைகுட்டியோட பஞ்சாங்கத்துல குடியேறுது."

ஜோசியர் பதறிப் பஞ்சாங்கத்தை உதறினார். வெள்ளை முட்டைகள் உதிர்ந்தன. எறும்புகள் அவர் வேட்டிக்குள் புகுந்தன. அவர் குதித்த குதியில் பெஞ்சே சாய்ந்தது.

"பார்த்துங்க சாமி," என்றாள் பூமயில். "சாட்சியைக் கலைக்கக் கூடாது."

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் கூரையில் சடசடவென்று மழை இறங்கியது. அவர் மூடிக் கிடந்த குவியல்களைப் பார்த்தார்.

"மழை விட்டதும் வேலைக்கு வந்துடு தாயீ," என்று குடையை விரித்துக் கிளம்பினார். வேட்டியை உதறிக்கொண்டே ஜோசியரும் பின்னால் ஓடினார். பூமயில் மிச்சக் கீற்று ஒன்றைத் தலைக்குப் பிடித்தபடி, எறும்பு வரிசையை மிதிக்காமல் தாண்டி நடந்தாள்.